சாவியைக் கொடுத்துவிட்டேன்

உட்காருங்கள் தம்பி. நாற்காலி சுத்தமாகத்தான் இருக்கிறது, காலையில் துடைத்தேன். நீங்கள் நிற்பதால் மெஷின் சீக்கிரம் வந்துவிடாது. பழைய கம்ப்யூட்டர். பட்டனைத் தட்டிவிட்டேன், பச்சை விளக்கு எரிகிறது பாருங்கள். ஏழெட்டு நிமிஷம் ஆகும். சரி, நிற்க வேண்டுமென்றால் நில்லுங்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுங்கள். என் கண்ணாடி... இதோ. சுகந்தி, வயது இருபத்தொன்பது. பிரசவம். ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட். தங்கச்சியா? ம். முத்திரை இருக்கிறது, டாக்டர் கையெழுத்து இருக்கிறது, தேதி இன்றைய தேதி. இரண்டு மணி பத்துக்கு எழுதியிருக்கிறார்கள். இப்போது இரண்டு முப்பத்தைந்து. போனில் நீங்கள் கொஞ்சம் சத்தம் போட்டீர்கள். பரவாயில்லை, நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. நேரில் வந்தால்தான் ரத்தம் கொடுப்பவரின் நம்பர், சீட்டைப் பார்த்தால்தான் நம்பர். அது இங்கே விதி. இன்று உங்களுக்காகப் போட்ட விதி இல்லை.

ஆஸ்பத்திரி மதிலில் என் நம்பரைப் பார்த்துத்தானே கூப்பிட்டீர்கள்? கடைசி இரண்டு எண் இன்னும் தெரிகிறதா? பெயிண்ட் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். தெரிகிறது அல்லவா? போதும்.

முதலில் ரத்ததானக் குழுவுக்குப் போன் செய்திருப்பீர்கள். செய்யாமல் இங்கே யார் வருகிறார்கள்? அந்தப் பெண் பிரிஸில்லாதான் எடுத்திருப்பாள். எங்களிடம் ஓ நெகட்டிவ் மூன்று பேர்தான், ஒருவர் ஊரில் இல்லை, மற்ற இரண்டு பேரும் போன மாதம்தான் கொடுத்தார்கள் என்றாளா? நினைத்தேன். மூன்று பேர்! என்னிடம் பதினான்கு பேர் இருக்கிறார்கள். இந்தத் திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓ நெகட்டிவ் மட்டும் பதினான்கு. எல்லா வகையும் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர். எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு ஃபைலில். சர்வர், இன்டர்நெட் ஒன்றும் கிடையாது. பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள் அன்று நான் போன் செய்வேன். அதனால் செத்துப்போன நம்பர் ஒன்றுகூட இல்லை. அவர்களிடம் அப்படியா?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அது ஐந்து நிமிஷம் கூடுதலாக ஓடும்.

நான் படித்து வந்தவன் இல்லை தம்பி. ராஜா தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் பிள்ளைகள் நின்றுபோனார்கள். பதினாறு டைப்ரைட்டரையும் எடைக்குப் போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்து டெல்பி என்கிற மொழியைப் படித்தேன். கம்ப்யூட்டருக்கும் மொழிகள் உண்டு, தெரியுமல்லவா? அப்போது நானும் அந்தக் குழுவில்தான் இருந்தேன். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒரு நோட்டில் இருந்தது. அதை நான்தான் ஃபைலாக்கினேன். என் மனைவி வாசித்தாள், நான் அடித்தேன். கனகவல்லி. அவளும் ஓ நெகட்டிவ்தான். இருபத்திரண்டு தடவை கொடுத்திருக்கிறாள்.

அந்த நோட்டை எவனோ ஜெராக்ஸ் எடுத்துவிட்டான். அதில் இருந்த பெண்களுக்கெல்லாம் கண்ட நேரத்தில் கண்டவன் போன் செய்ய ஆரம்பித்தான். ஒரு டீச்சர் இங்கே வந்து, நீங்கள் நிற்கிறீர்களே, அதே இடத்தில் நின்று அழுதாள். கனகுதான் சொன்னாள், "நோட்டைக் கொளுத்துங்க. அந்த ஃபைலுக்கு ஒரு பூட்டுப் போடுங்க" என்று. அவள் சொல்லித்தான் போட்டேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு கனகு சொல்லிப் போட்டது.

பூட்டென்றால் விண்டோஸுக்குப் போடுகிற பாஸ்வேர்டு மாதிரி இல்லை. ஃபைலையே எழுத்து எழுத்தாகக் குழப்பிவிடுவது. திருடிக்கொண்டு போனாலும் கூழாகத்தான் இருக்கும். அதற்கு வெளிநாட்டுக்காரன் எழுதிய ஒரு கருவி இருக்கிறது, அதை என் டெல்பி புரோகிராமோடு கோத்தேன். மூன்று மாதம் ஆயிற்று. முடிந்த அன்று கனகு பாயசம் வைத்தாள். ஆனால் அவளிடம் ஒரு குறை உண்டு. போன் வந்தால் நான் மெஷினைப் போடுவதற்குள், "ஓ நெகட்டிவா? எழுதிக்கங்க" என்று மனப்பாடமாக நம்பரைச் சொல்லிவிடுவாள். சீட்டு கேட்க மாட்டாள். யார் என்றுகூடக் கேட்க மாட்டாள். "குரலைக் கேட்டாலே தெரியாதா?" என்பாள். விதி மீறல்தானே? நான் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன்.

அவள் போய் ஆறு வருஷம். சிறுநீரகம். அதற்குப் பிறகும் போன் வந்துகொண்டிருந்தது. காலையில் குளிக்கப் போனால்கூடப் போனைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. டெங்கு சமயத்தில் பத்துகூட. "சிகாமணி சார், சிகாமணி சார்" என்று. வேறு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?

அப்போதுதான் மோகனரங்கம் குழுவுக்குத் தலைவரானார். ஜவுளிக்கடைக்காரர். அவருக்கு எல்லாம் போனில் வர வேண்டும். பிரிஸில்லாவைக் கூட்டி வந்தார். கம்ப்யூட்டர் படித்த பெண். ஆப் எழுதுவாளாம். பட்டனைத் தொட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று காட்டுமாம், நம்பரை வெளியே காட்டாமலே கூப்பிடுமாம். நல்ல விஷயம்தான். நான் குறுக்கே நிற்கவில்லை. எல்லோரும் நான் குறுக்கே நின்றேன் என்கிறார்கள். இல்லை. கூட்டத்துக்குப் போகும்போதே பென்டிரைவில் ஃபைலை எடுத்துப் போனேன். சட்டைப்பையில் இரண்டு சீட்டும் வைத்திருந்தேன்.

ஏன் இரண்டு? அதைத்தான் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் சீட்டில் பாஸ்வேர்டு. ஆனால் பாஸ்வேர்டை அந்தக் கருவி அப்படியே சாவியாகப் போடாது. அதை அரைக்கும். மாவு அரைக்கிற மாதிரி, ஆயிரக்கணக்கான சுற்று. அரைத்து வருவதுதான் சாவி. எத்தனை சுற்று என்பதற்கு ஓர் எண் உண்டு. ஃபைலைப் பக்கம் பக்கமாக வெட்டித்தான் அது பூட்டும், ஒரு பக்கம் எவ்வளவு பெரிது என்பதற்கு இன்னோர் எண். டெல்பியில் எழுதினாலும் ஜாவாவில் எழுதினாலும் பைத்தானில் எழுதினாலும், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கருவி தன் வழக்கமான எண்களைத்தான் எடுத்துக்கொள்ளும். நான் இரண்டையும் மாற்றி வைத்திருந்தேன். என் புரோகிராமுக்குள்ளேயே அவை இருக்கின்றன. அதனால் இந்த மெஷினில் பாஸ்வேர்டு மட்டும் அடித்தால் போதும். வெளியே வேறு மொழியில் திறப்பவர்களுக்கு அந்த இரண்டு எண்களும் வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் திறக்காது. தப்பு என்றுகூடச் சொல்லாது. 'இது டேட்டாபேஸே இல்லை' என்று சொல்லும். அந்த எண்கள்தான் இரண்டாவது சீட்டு.

மெஷின் வந்துவிட்டது. தெரிகிறது தம்பி, எனக்கும் கண் இருக்கிறது. இருங்கள், இன்னும் கொஞ்சம்தான்.

கூட்டத்தில் முதல் சீட்டைக் கொடுத்தேன். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? நான் கனகுவைக் கூப்பிடுகிற பெயர். வீட்டில், யாரும் இல்லாதபோது. பெற்ற மகளுக்குக்கூட அது தெரியாது. மோகனரங்கம் அதை வாங்கி உரக்க வாசித்தார். கடைக்கு முன்னால் நின்று சேலை விலை சொல்கிற குரலில் வாசித்தார். பிறகு சிரித்தார். "என்ன சார், இந்த வயசுலயும் உள்ளுக்குள்ள இவ்வளவு லவ்ஸா?" என்றார். பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் சிரித்தார்கள். பிரிஸில்லா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான், வேறு எதற்கு?

இரண்டாவது சீட்டின்மேல் ஏற்கெனவே என் விரல் இருந்தது. கையை வெளியே எடுத்தேன். சீட்டு பையிலேயே இருந்தது. அவ்வளவுதான். நான் செய்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். "ஐயா, ஃபைல் தொறக்கல. டேட்டாபேஸே இல்லைன்னு வருது."

"பாஸ்வேர்டு சரியா அடிச்சியாம்மா?"

"நூறு தடவை பாத்துட்டேன் ஐயா."

"அப்ப உன் மொழியிலதான் கோளாறு. என்ன மொழி?"

"கோட்லின். போனுக்கு அதுலதான் எழுதணும்."

"வேற மொழியில எழுதிப் பாரு."

எழுதினாள். பைத்தானில் எழுதினாள், திறக்கவில்லை. சி ஷார்ப்பில் எழுதினாள், திறக்கவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வருவாள், அந்த முக்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து காட்டுவாள். மூன்று மொழியும் ஒரே பதில். எனக்கு உள்ளே சிரிப்பாக வரும். அன்று பதினோரு பேர் சிரித்தார்கள், இப்போது ஒருவன் சிரிக்கிறான். கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். சுற்று எண்ணாக இருக்குமோ என்று அவளே கண்டுபிடித்து ஒன்றிலிருந்து வரிசையாக ஓட்டிப் பார்த்தாளாம். பக்க அளவு அவள் மூளைக்கு எட்டவில்லை. "ஐயா, நீங்க ஏதாவது மாத்தி வெச்சிருந்தீங்களா? ஞாபகப்படுத்திப் பாருங்களேன்" என்று கேட்டாள். "வயசாயிடுச்சும்மா" என்றேன். டெல்பி படித்தால் தெரியும் என்று நூலகப் புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். பாவம், அதையும் தேடிப் படித்தாள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? டீ போடட்டுமா? வேண்டாமா? மெஷினைத் தொடாதீர்கள் தம்பி. தொட்டால் நின்றுவிடும், பிறகு மறுபடி ஏழெட்டு நிமிஷம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் போன் வந்தது. அவள்தான். அந்தோணிசாமி என்று பூ மார்க்கெட்டில் தரகு பார்க்கிறவர், வயிற்றில் புண் வெடித்து ரத்தம் ரத்தமாக வாந்தி. பி நெகட்டிவ். "ஐயா, உங்க மெஷின்ல பாத்து ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க ஐயா."

"ஃபைல் உங்ககிட்டயே இருக்கே. சாவியைக் குடுத்துட்டேனே" என்றேன்.

அழுதாள். நான் கரைந்துவிட்டேன். எனக்கு இளகிய மனசு. "சரி, சீட்டோட நேர்ல வா" என்றேன். நல்ல மழை. நாற்பது நிமிஷத்தில் வந்தாள், சீட்டை நெஞ்சுக்குள் வைத்து நனையாமல் கொண்டு வந்திருந்தாள். நான் மெஷினைப் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். நான் தாமதம் செய்கிறவன் இல்லை. ஆனால் ஒரு விஷயம் தீராமல் நின்றது. ஊரெல்லாம் என்ன பேச்சு? சிகாமணி தப்பான பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டான் என்று பேச்சு. அதற்கு ஒரு முடிவு வேண்டாமா? ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன். "நான் சொல்றத எழுதும்மா, நாலு வரிதான்" என்றேன்.

இதோ, இந்தத் தாள்தான். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருக்கிறேன். வாசித்துப் பாருங்கள். சரி, நானே வாசிக்கிறேன். 'திரு. தெய்வசிகாமணி அவர்கள் குழுவுக்குக் கொடுத்த பாஸ்வேர்டு சரியானது. கோப்பைத் திறக்க முடியாமல் போனதற்கு என் திறமைக் குறைவே காரணம். அவரைப் பற்றிக் குழுவில் கேலியாகப் பேசியதற்கு வருந்துகிறேன். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.' கீழே அவள் கையெழுத்து. நல்ல எழுத்து அவளுக்கு, அன்று கொஞ்சம் கோணலாக இருக்கிறது. தேதி போட மறந்துவிட்டாள், திரும்ப வாங்கிப் போடச் சொன்னேன். மழைத்துளி விழுந்து ஒரு வரி கலைந்துபோனதால் இன்னொரு தாளில் மறுபடி எழுத வேண்டியிருந்தது. மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு உடனே நம்பர் கொடுத்தேன். நான்கு பத்துக்கு. நோட்டில் குறித்திருக்கிறேன். கொடுப்பவர் கிளம்பியும் விட்டார். அந்தோணிசாமி நான்கு இருபதுக்குப் போய்விட்டார். இதில் என் பங்கு என்ன, சொல்லுங்கள். மழை என்னுடையதா? வயிற்றுப்புண் என்னுடையதா? அவர் அவளுக்குத் தாய்மாமன் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தாலும் விதி விதிதானே.

பதினாறாம் நாள் முடிந்து வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு பென்டிரைவை நீட்டினாள். "ஐயா, உங்க ஃபைல அழிச்சாச்சு. எங்க யாருகிட்டயும் காப்பி இல்ல. நீங்க இனிமே பயப்பட வேண்டாம்" என்றாள். தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளக்கூட அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை பாருங்கள். அதற்கப்புறம் வீடு வீடாகப் போய்ப் புதிதாகப் பட்டியல் எடுத்தார்கள். நான்கு வருஷமாக எடுக்கிறார்கள். முந்நூறு பேர் தேறினார்களாம்.

எனக்குப் போன் வருவது நின்றுவிட்டது. மதிலில் என் நம்பர்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டார் மோகனரங்கம். ஆள் முழுக்க அடிக்காமல் விட்டுப் போயிருக்கிறான், அதனால்தான் நீங்கள் வந்தீர்கள். இந்த வருஷத்தில் நீங்கள் இரண்டாவது ஆள். முதலில் வந்தவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். நீங்கள் பொறுமைசாலி. நீங்கள் நின்றபோதே நினைத்தேன், இவர் கேட்பார் என்று.

சரி, சரி. கையெடுத்துக் கும்பிட வேண்டாம், நான் என்ன சாமியா? அடிக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அந்தப் பிரிஸில்லாவுக்கு ஒரு போன் போட்டு, சிகாமணி சார்தான் கொடுத்தார் என்று சொல்வீர்களா? சத்தியமாக? இன்னொரு தடவை சொல்லுங்கள். ம்.

அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். விரல் முன்னைப் போல ஓடுவதில்லை... ஒரு எழுத்து தவறிவிட்டது. மறுபடி.

திறந்துவிட்டது!

பாருங்கள், இப்போது பாருங்கள். ஓ நெகட்டிவ். முதல் பெயர் கனகவல்லி. அதை நான் எடுக்கவில்லை, அது இருக்கட்டும். இரண்டாவது, ஜான் பீட்டர், மெக்கானிக், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் பட்டறை. போன் போட்டால் பத்தாவது நிமிஷம் ஆஸ்பத்திரியில் நிற்பான். பேனா இருக்கிறதா? தொண்ணூற்றெட்டு, நாற்பத்திரண்டு...

உங்கள் போன்தான் அடிக்கிறது. எடுங்கள், எடுங்கள். ஆஸ்பத்திரியா? நம்பர் கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள்.

யார் அழுவது? அம்மாவா? என்ன சொல்கிறார்கள்? ரத்தம் வேண்டாமாமா? வேறு எங்கேயோ கிடைத்துவிட்டதா? கிடைக்கவில்லை என்றால் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

தம்பி.

இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போதே சொன்னேன். தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். அழுங்கள், அழுதால் தேவலை. கனகு போனபோது எனக்கு அழுகையே வரவில்லை.

நோட்டை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் இருங்கள். சுகந்தி, இருபத்தொன்பது. ஃபைல் திறந்தது மூன்று மணி நான்கு நிமிஷம். போன் வந்தது மூன்று மணி ஐந்து நிமிஷம். நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தீர்கள். திறந்த பிறகுதான் போன் வந்தது. ஒரு நிமிஷம் முன்னாலேயே திறந்துவிட்டேன்.

இந்தாருங்கள் பேனா. இங்கே, இந்தக் கட்டத்தில். ஒரு கையெழுத்து.